கல்கரி குழாய்த் தண்ணீரில் மறுபடியும் ஃபுளோரைடு: தர்மபுரி மாமியாருக்கு என்ன பதில் சொல்வது?

பென்னாகரத்துப் பொண்ணு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கத்தில், போர் தண்ணீரிலேயே ஃபுளோரைடு மிகுந்த ஒரு கிராமம்தான் என் ஊர், இப்போது கனடாவில் கல்கரியில் இருக்கிறோம். பல் சொத்தையைத் தடுக்கக் குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு சேர்த்துவந்ததை இங்கே 2011-இல் நிறுத்தினார்கள், 2021-இல் பொதுவாக்கெடுப்பு வைத்தபோது நூற்றுக்கு 62 பேர் போல மறுபடி வேண்டும் என்று ஓட்டுப் போட்டார்கள், இயந்திரமெல்லாம் புதிதாகப் போட்டு 2025 ஜூன் 30 முதல் திரும்பவும் சேர்க்கிறார்கள். நாங்கள் இந்த ஊருக்கு வந்தது நடுவில், அதனால் எங்களுக்கு இது புதுசு.

பேரனைப் பார்க்க மாமியார் ஊரிலிருந்து வந்திருக்கிறார். என் வீட்டுக்காரர் இந்தச் செய்தியைச் சொன்னதிலிருந்து அவர் குழாய்த் தண்ணீரைத் தொடுவதில்லை. "நம்ம ஊர்ல பாதிப் பேருக்குப் பல்லு காவியடிச்சுக் கிடக்கு, உங்க பெரியப்பா கழுத்தைத் திருப்ப முடியாமத்தான் செத்தார், அரசாங்கம் கோடி கோடியாக் கொட்டி ஒகேனக்கல் தண்ணியைக் கொண்டாந்தது எதுக்கு? அதே விஷத்தை இவங்க காசு குடுத்து வாங்கிக் கலக்குறாங்களா?" என்கிறார். எனக்கு நேராகப் பதில் சொல்லத் தெரியவில்லை, ஏனென்றால் நானும் அந்தப் பற்களைப் பார்த்து வளர்ந்தவள்தான். எங்கள் தெருவில் பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் சிரிக்கச் சொல்லித்தான் பார்ப்பார்கள்.

வீட்டில் ஆறு வயதுப் பெண்ணும் நாலு மாதப் பையனும் இருக்கிறார்கள். பையனுக்குப் பால் போதவில்லை என்பதால் பவுடர் பால், அதைக் குழாய்த் தண்ணீரில்தான் கலக்குகிறோம். அது சரியா? ஆர்ஓ மெஷின் போடலாமா? காய்ச்சினால் போய்விடுமா? அப்புறம் வீட்டுக்காரரின் வாட்ஸப் குழுவில் ஃபுளோரைடு குடித்தால் குழந்தைகளுக்கு ஐக்யூ குறையும், அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் தடையே போட்டுவிட்டார்கள் என்று வருகிறது. விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். "அதெல்லாம் சதி" என்றோ "அதெல்லாம் வதந்தி" என்றோ ஒரே வரியில் முடிக்காதீர்கள், அது எனக்கே எழுத வரும்.


சேலம் பல் டாக்டர் எழுதியது:

உங்கள் மாமியார் சொல்வதில் ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை, முதலில் அதை அவரிடம் சொல்லிவிடுங்கள். பொருள் ஒன்றேதான். அளவுதான் வேறு, அந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்று கணக்குப் போட்டுக் காட்டினால் ஒருவேளை ஒத்துக்கொள்வார்.

கல்கரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் 0.7 மில்லிகிராம் இருக்கும்படி சேர்க்கிறார்கள். ஆற்றுத் தண்ணீரில் இயற்கையாகவே கொஞ்சம் இருக்கிறது, அதை 0.7 வரை கூட்டுகிறார்கள், அவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனத்தின் மேல் வரம்பு 1.5. நம் நாட்டுத் தரத்தில் 1.0 வரை நல்லது, வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். இப்போது ஊரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் உள்ள ஒரு போர்வெல் என்று வைத்துக்கொள்வோம். வெயிலில் காட்டு வேலை செய்கிறவர் நாலு லிட்டர் குடிப்பார், அதுவே 20 மில்லிகிராம். அதே தண்ணீரில் சோறு, களி, குழம்பு, தேநீர். கல்கரியில் ரெண்டு லிட்டர் குடிப்பவருக்குப் போவது 1.4. பெரியப்பாவின் கழுத்து இறுகியது பல வருடம் அப்படிக் குடித்ததால் எலும்பில் படிந்து, மூட்டைச் சுற்றியுள்ள தசைநார் எல்லாம் சுண்ணாம்பு ஏறிக் கெட்டியாகிப் போனதால். 0.7-இல் அது வராது.

காவிப் பல் வேறு கதை. நிலைப் பற்களின் எனாமல் ஈறுக்குள்ளே உருவாகும் காலத்தில், ஏறக்குறைய எட்டு வயது வரை, அளவுக்கு மீறி ஃபுளோரைடு உள்ளே போனால்தான் அந்தக் கறை. பல் முளைத்த பிறகு வராது. உங்கள் மாமியாருக்கு இனிமேல் பல்லில் எதுவும் ஆகப்போவதில்லை, அவர் தாராளமாகக் குடிக்கலாம்.

நன்மை எப்படி என்று கேட்டால்: நாம் இனிப்போ மாவுப் பண்டமோ தின்னும்போதெல்லாம் வாயில் உள்ள கிருமிகள் அமிலம் விடுகின்றன, எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைகின்றன, பிறகு எச்சில் அதைத் திருப்பிப் பூசுகிறது. பூசும்போது கொஞ்சம் ஃபுளோரைடு அருகில் இருந்தால் முன்னைவிட அமிலத்துக்குத் தாங்கும் படிகமாகப் பூசும். இதற்கு ஃபுளோரைடு பல்லின் மேல் பட்டுக்கொண்டிருந்தால் போதும், வயிற்றுக்குள் போக வேண்டியதில்லை. ஐம்பது அறுபது வருடம் முன்னால் உள்ளே போய்ப் பல்லை வலுவாக்குகிறது என்று நம்பினார்கள். இப்போது மேலே படுவதுதான் முக்கியம் என்பது தெளிவு. அதனால்தான் பேஸ்ட்டும் வேலை செய்கிறது.

வரலாறு சுவையானது, சொல்லாமல் விட மனசில்லை. 1901-இல் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர் அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸில் வைத்தியம் பார்க்கப் போனார். அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள் பல்லெல்லாம் காவி, உங்கள் தெரு மாதிரியே. ஆனால் அந்தப் பற்களில் சொத்தை குறைவாக இருந்தது. காரணம் தெரிய முப்பது வருடம் ஆனது. ஆர்கன்சாஸில் பாக்ஸைட் என்ற ஊர், அலுமினியக் கம்பெனியின் சுரங்க ஊர். அங்கேயும் குழந்தைகளுக்கு இதே கறை. அலுமினியத்தின் மேல் பழி வந்துவிடுமோ என்று பயந்த கம்பெனி வேதியியலாளர் சர்ச்சில் 1931-இல் தண்ணீரைச் சோதித்தார், லிட்டருக்கு 13.7 மில்லிகிராம் ஃபுளோரைடு. பிறகு டீன் என்ற அரசு மருத்துவர் ஊர் ஊராகக் கணக்கெடுத்து, 1 மில்லிகிராம் அளவில் கறையும் பெரிதாக வராது சொத்தையும் குறைகிறது என்று கண்டார். அதை வைத்து 1945 ஜனவரி 25-ஆம் தேதி மிச்சிகனில் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரம் முதன்முதலாகத் தண்ணீரில் சேர்த்தது. ஆக, தர்மபுரி மாதிரி ஊர்களின் கஷ்டத்தைப் பார்த்துத்தான் இந்த யோசனையே பிறந்தது. நம் பக்கம் 1937-இலேயே ஷார்ட் என்ற மருத்துவரும் கூட இருந்தவர்களும் அன்றைய மதராஸ் மாகாணத்து நெல்லூர்ப் பகுதியில் எலும்பு இறுகிப்போனவர்களைப் பற்றி எழுதிவிட்டார்கள். அங்கே ஒரு பக்கம் கொஞ்சம் சேர்க்கலாமா என்று யோசித்த அதே காலத்தில் இங்கே எப்படி எடுப்பது என்று தெரியாமல் முழித்தோம்.

பவுடர் பால்: குழாய்த் தண்ணீரில் கலக்கலாம், ஆபத்தில்லை. தாய்ப்பாலில் ஃபுளோரைடு மிக மிகக் குறைவு, பவுடரில் கலக்கும் தண்ணீரில் அதைவிட அதிகம், அதனால் பிற்பாடு முன்பற்களில் லேசான வெள்ளைக் கீற்று வரும் வாய்ப்பு சற்றுக் கூடும். பல் டாக்டர் விளக்கடித்துக் காட்டினால்தான் தெரியும் அளவில் இருக்கும் பெரும்பாலும். அதுவும் வேண்டாம் என்றால் ஃபுளோரைடு குறைந்த பாட்டில் தண்ணீரில் அவ்வப்போது கலந்துகொள்ளுங்கள்.


ஓய்வு பெற்ற குடிநீர் இன்ஜினியர் எழுதியது:

டாக்டர் பல்லைப் பற்றிச் சொல்லிவிட்டார், நான் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன்மா.

காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும், மிச்சத்தில் அடர்த்தி கூடும். மேஜை மேல் வைக்கும் கரி வடிகட்டி ஜக்கும் எடுக்காது. ஆர்ஓ எடுக்கும், பெரும்பகுதியை எடுத்துவிடும், ஆனால் 0.7-க்கு ஆர்ஓ போடுவது வீண் செலவு. தர்மபுரியில் 4, 5 என்று இருக்கிற இடத்தில் ஆர்ஓ போடுவதற்கு அர்த்தம் உண்டு.

நம் மாவட்டத்தில் ஏன் இப்படி என்று மாமியார் கேட்டால்: தர்மபுரி, கிருஷ்ணகிரி முழுக்கக் கடினப் பாறை. கருங்கல்லிலும் அதன் வகையறாப் பாறைகளிலும் ஃபுளோரைடு உள்ள தாதுக்கள் கலந்து கிடக்கின்றன. பாறை வெடிப்பில் தண்ணீர் எவ்வளவு காலம் தேங்குகிறதோ அவ்வளவு கரைந்து வரும். கால்சியம் குறைந்து சோடியமும் பைகார்பனேட்டும் கூடிய தண்ணீர் என்றால் இன்னும் அதிகமாக இழுக்கும். திறந்த கிணறு வற்றி, மழை பொய்த்து, முந்நூறு அடி ஐந்நூறு அடி என்று போர் போட்ட பிறகுதான் பல ஊர்களில் பிரச்சினை முற்றியது. நாங்கள்தான் போர் போட்டுக் கைப்பம்பு வைத்துக் கொடுத்தோம், காலராவுக்குப் பயந்து, சுத்தமான தண்ணீர் என்று. யாரையும் குறை சொல்ல முடியாது, அப்போதைய அவசரம் அது.

எடுப்பதற்கு என்னென்னவோ செய்து பார்த்தார்கள். படிகாரமும் சுண்ணாம்பும் போட்டுக் கலக்கித் தெளியவைக்கும் நல்கொண்டா முறை, நாக்பூர் நீரி நிறுவனம் உருவாக்கியது, காகிதத்தில் அருமையாக இருக்கும். கிராமத்தில் தினமும் அளவு பார்த்துப் படிகாரம் போட ஆள் வேண்டும், அடியில் தேங்கும் சேற்றைக் கொட்ட இடம் வேண்டும். ஆறு மாதத்தில் தொட்டி துருப்பிடித்து நிற்கும். கடைசியில் உருப்படியான வழி, கிணற்றை விட்டுவிட்டு ஆற்றுத் தண்ணீருக்கு மாறுவதுதான். அதுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். ஜப்பான் கடனுதவி, 1,900 கோடிக்கு மேல் செலவு, நடுவில் 2008-இல் கர்நாடகத்தில் பெரிய ரகளை, 2013-இல் திறந்தார்கள். திட்டத்தின் முழுப் பெயரிலேயே ஃபுளோரைடு பாதிப்பைக் குறைப்பது என்று உண்டு. காவிரித் தண்ணீரில் ஃபுளோரைடு குறைவு என்பதுதான் அதன் மொத்த ரகசியம்.

கல்கரியும் அப்படித்தான், போ ஆறும் எல்போ ஆறும் மலைப் பனி உருகி வருகிற தண்ணீர், இயற்கையில் 0.1 முதல் 0.4 வரைதான் இருக்கும். ரெண்டு சுத்திகரிப்பு நிலையத்தில் மொத்த ஊருக்கும் தண்ணீர் போகிறது. ரெண்டே இடத்தில் பம்பு வைத்து அளந்து விட்டு, அளந்து பார்த்துச் சரிசெய்ய முடிகிற ஊர். ஆயிரம் போர்வெல், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு அளவு என்றிருக்கிற நாட்டில் இதைச் செய்ய நினைத்தால் அவனுக்குப் பைத்தியம். இந்தியாவில் யாரும் தண்ணீரில் சேர்க்காததற்கு அதுவே போதுமான காரணம்.


சால்ட் லேக் தமிழன் எழுதியது:

யூட்டா பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன், நான் இங்கேதான் இருக்கிறேன். ஆமாம், 2025 மே 7 முதல் எங்கள் மாநிலத்தில் குடிநீரில் ஃபுளோரைடு சேர்க்கக் கூடாது, அமெரிக்காவிலேயே முதல் மாநிலம். ஜூலையில் ஃபுளோரிடாவும் அதே வழியில் வந்தது. தடை போட்டவர்கள் எல்லோரும் முட்டாள்கள் என்கிற தொனியில் பேசுகிறார்கள், அது எனக்கு ஒப்பவில்லை.

டாக்டர் சாரே சொல்லிவிட்டார், பல்லின் மேல் பட்டால் போதும், விழுங்க வேண்டியதில்லை என்று. அப்படியானால் எதற்கு ஊர் மொத்தத்துக்கும் விழுங்கக் கொடுக்கிறீர்கள்? பேஸ்ட் கடையில் கிடைக்கிறதே. எனக்கு என்ன மருந்து வேண்டும் என்பதை நான்தான் முடிவு செய்ய வேண்டும். சிறுநீரகம் பழுதானவர், பவுடர் பால் குடிக்கும் குழந்தை, நாளைக்கு ஆறு லிட்டர் குடிக்கும் கூலித் தொழிலாளி எல்லோருக்கும் ஒரே குழாய். குடிக்கிற அளவை யார் பார்க்கிறார்கள்?

அப்புறம் இயந்திரம் என்றால் கெடும். 2019 பிப்ரவரியில் இங்கே சாண்டி நகரத்தில் பனிப்புயலில் மின்சாரம் போய், பம்பு கோளாறாகி, தண்ணீர் கலந்து நீர்க்காத ஃபுளோரைடு அமிலம் ஊரின் ஒரு பகுதிக் குழாயில் போய்விட்டது. ஆட்களுக்கு வாந்தி வயிற்றுவலி. அமிலம் குழாய்களிலிருந்து ஈயத்தையும் செம்பையும் வேறு அரித்துக்கொண்டு வந்தது. இந்த அமிலமே பாஸ்பேட் உரம் செய்யும் ஆலைகளில் துணைப்பொருளாகக் கிடைப்பது என்பதையும் யாரும் சொல்வதில்லை.

அமெரிக்க அரசின் தேசிய நச்சியல் திட்டம் 2024 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள், ஃபுளோரைடு அதிகமானால் குழந்தைகளின் ஐக்யூ குறைவதோடு தொடர்பு இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். அடுத்த மாதமே சான் ஃபிரான்சிஸ்கோவில் கூட்டாட்சி நீதிபதி சென், சுற்றுச்சூழல் முகமை இதைக் கவனித்து நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று தீர்ப்புக் கொடுத்தார். சுவிட்சர்லாந்தில் பாசல் நகரம் நாற்பது வருடம் சேர்த்துவிட்டு 2003-இல் நிறுத்தியது. நெதர்லாந்து எழுபதுகளிலேயே விட்டுவிட்டது. இஸ்ரேல் 2014-இல் நிறுத்தியது. இவர்கள் எல்லோருக்கும் வாட்ஸப் குழுவா இருந்தது?


சேலம் பல் டாக்டர் எழுதியது:

நல்ல கேள்விகள், கோபமில்லாமல் பதில் சொல்கிறேன்.

நச்சியல் திட்ட அறிக்கையை நானும் படித்தேன். அதில் அவர்கள் நடுத்தர உறுதியோடு சொல்வது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் உள்ள தண்ணீரைப் பற்றி. அவர்கள் பார்த்த ஆய்வுகளில் பல சீனா, இந்தியா மாதிரி நாடுகளில் இயற்கையாகவே ஃபுளோரைடு கூடிய ஊர்களில் நடந்தவை, அதாவது தர்மபுரி வகை ஊர்கள். 0.7 அளவில் ஐக்யூவுக்கு ஏதாவது ஆகிறதா என்று சொல்லப் போதுமான தரவு இல்லை என்று அதே அறிக்கை சொல்கிறது. கனடாவில் கர்ப்பிணிகளை வைத்துச் செய்த ஒரு ஆய்வு 2019-இல் வந்து பெரிய விவாதமானது, அதை நான் ஒதுக்கவில்லை, அது தொடர்ந்து பார்க்க வேண்டிய விஷயம். நீதிபதியும் 0.7 கண்டிப்பாகக் கெடுதல் என்று தீர்ப்பில் எழுதவில்லை, ஆனால் அந்த அளவில் நியாயமற்ற ஆபத்து இருக்கிறது, முகமை அதை ஒதுக்கித் தள்ள முடியாது என்றார்.

பாசல் நிறுத்தியது உண்மை. ஏன் நிறுத்தியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் சார். சுவிட்சர்லாந்தில் உப்பில் ஃபுளோரைடு சேர்த்து விற்கிறார்கள், தண்ணீரிலும் உப்பிலும் ரெண்டு பக்கமும் வேண்டாம் என்று ஒன்றை விட்டார்கள். நெதர்லாந்தில் சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று நீதிமன்றம் சொன்னதால் நின்றது.

அதே சமயம் உங்கள் பக்கம் ஒரு பலமான வாதம் இருக்கிறது, அதை நீங்கள் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். எழுபதுகளுக்கு முன்னால் ஃபுளோரைடு பேஸ்ட் பரவாத காலத்தில் தண்ணீர் முறையின் பலன் மிகப் பெரிது. கிராண்ட் ராப்பிட்ஸில் அதற்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குச் சொத்தை அறுபது சதவீதத்துக்கு மேல் குறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த மஸ்கேகன் ஊர்க்காரர்கள் பொறுக்க முடியாமல் 1951-இலேயே தாங்களும் சேர்த்துக்கொண்டார்கள், ஆராய்ச்சி பாதியில் கெட்டது. ஆனால் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் குழு 2024-இல் புதுப்பித்துச் செய்த தொகுப்பாய்வு, 1975-க்குப் பிறகு வந்த ஆய்வுகளை மட்டும் பார்த்தால் ஒரு குழந்தைக்குச் சராசரியாக ஏறக்குறைய கால் பல் அளவுக்குத்தான் சொத்தை குறைகிறது என்கிறது. தினமும் ரெண்டு வேளை பேஸ்ட் போட்டுத் தேய்க்கும் வீட்டில் தண்ணீர் கூடுதலாகச் செய்வது கொஞ்சம்தான். எங்கள் தொழிலில் பலர் பழைய அறுபது சதவீதத்தை இன்றும் மேடையில் சொல்கிறார்கள், அது சரியில்லை.

ஆனால் கல்கரியையே எடுங்கள். நிறுத்திய கல்கரி, 1967-லிருந்து நிறுத்தாமல் சேர்க்கும் பக்கத்து எட்மன்டன், ரெண்டும் ஒரே மாகாணம், ஒரே மாதிரி மக்கள். 2018-19-இல் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைச் சோதித்தபோது கல்கரியில் ஏறக்குறைய 65 சதவீதம் பேருக்குச் சொத்தை, எட்மன்டனில் 55. பேஸ்ட் எல்லாக் கடையிலும் கிடைக்கும் காலத்தில்தான் இந்த வித்தியாசம். கடையில் கிடைப்பது வேறு, ஒவ்வொரு இரவும் ஒவ்வொரு வீட்டிலும் தேய்ப்பது வேறு.


ஸ்காபரோ அண்ணை எழுதியது:

தங்கச்சி, நான் டொரொண்டோவிலை முப்பது வருசத்துக்கு மேலை இருக்கிறன். இங்கை 1963-லிருந்து தண்ணியிலை போடுறாங்கள். என்ரை ரெண்டு பிள்ளையளும் இந்தத் தண்ணி குடிச்சு வளர்ந்ததுகள், பல்லும் நல்லாயிருக்கு, புத்தியும் தேவைக்கு மேலை இருக்கு, எனக்கே வகுப்பெடுக்குதுகள். ஒரு வீட்டுக் கதையை வச்சு அறிவியல் சொல்லேலாது எண்டு டொக்டர் பேசுவார், அதனாலை விடுறன்.

நான் சொல்ல வந்தது காசுக் கதை. வந்த புதுசிலை நாங்கள் ரெண்டு பேரும் ஃபக்டரியிலை இரவு வேலை, பல் வைத்தியத்துக்குக் காப்புறுதி கிடையாது. கனடாவிலை நெஞ்சு வலி வந்தா ஆஸ்பத்திரி இலவசம், பல்லு வலிச்சா கடன் அட்டை. இப்ப ரெண்டு மூண்டு வருசமாத்தான் அரசாங்கம் வருமானம் குறைஞ்ச ஆக்களுக்குப் பல் திட்டம் கொண்டு வந்திருக்கு. சின்னப் பிள்ளையளுக்கு நாலைஞ்சு பல்லு ஒண்டாச் சொத்தையானா கதிரையிலை இருத்தி வைத்தியம் செய்யேலாது, மயக்க மருந்து குடுத்துத்தான் செய்யவேணும். கல்கரியிலை நிப்பாட்டின பிறகு அப்பிடி மயக்கி வைத்தியம் செய்யிற பிள்ளையளின்ரை எண்ணிக்கை கூடினது எண்டுதான் அங்கத்தைய டொக்டர்மார் சண்டை பிடிச்சவை. யூட்டாத் தம்பி "விருப்பம் எண்டா பேஸ்ட் வாங்கு" எண்டு சொல்லுறது வசதி உள்ள வீட்டுக்குச் சரி. இரவு வேலைக்குப் போற தாய் பிள்ளைக்குப் பல்லு விளக்கி விட்டிட்டே போறா? தண்ணி ஒருத்தரையும் வருமானம் கேக்காது.

இன்னொண்டு, மாமி கோவிக்கக் கூடாது. பேரனுக்குப் போத்தலிலை சீனி போட்ட பாலையோ ஜூஸையோ குடுத்து நித்திரையாக்கிற பழக்கம் எங்கடை ஆக்களிட்டை இருக்கு. அதை நிப்பாட்டாட்டில் ஃபுளோரைடு போட்டும் ஒண்டும் இல்லை, போடாமலும் ஒண்டும் இல்லை.


சால்ட் லேக் தமிழன் எழுதியது:

அண்ணா சொல்வது நியாயம், இங்கேயும் ஏழைக் குடும்பங்களுக்கான பல் மருத்துவமனைக்காரர்கள்தான் தடையை எதிர்த்தார்கள். என் நிலை மாறவில்லை: அந்தப் பணத்தைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பல்லில் ஃபுளோரைடு வார்னிஷ் பூச, பேஸ்ட் கொடுக்கச் செலவழியுங்கள். யாருக்குத் தேவையோ அவர்களுக்கு, கேட்டுவிட்டு.


சிங்கை வாசி எழுதியது:

சிங்கப்பூரில் ஐம்பதுகளிலிருந்தே தண்ணீரில் உண்டு, நாடு முழுக்க, வேறு தண்ணீர் கிடையாது. மலேசியாவிலும் உண்டு, ஹாங்காங்கில் 1961 முதல் உண்டு. காப்பிக்கடையில் எதற்கெல்லாமோ சண்டை போடுவோம், இதற்கு ஒருத்தரும் போட்டுப் பார்த்ததில்லை. ஒரு விஷயம் மட்டும்: வெயில் நாட்டில் ஆட்கள் அதிகம் தண்ணீர் குடிப்பார்கள் என்பதால் இங்கே அளவு குளிர்நாடுகளைவிடக் குறைவு, முன்பு இருந்ததையும் இறக்கிவிட்டார்கள். அமெரிக்காவிலும் முன்பு ஊரின் வெப்பநிலைக்கு ஏற்ப 0.7 முதல் 1.2 வரை என்று வைத்திருந்து, 2015-இல்தான் எல்லோருக்கும் 0.7 என்றார்கள். பேஸ்ட்டும் மற்றதும் சேர்ந்து வருவதால் தேவை குறைந்துவிட்டது என்பதுதான் காரணம். "யார் அளக்கிறார்கள்" என்ற கேள்விக்கு இது ஒரு பதில்.


பென்னாகரத்துப் பொண்ணு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. 20 மில்லிகிராம், 1.4 மில்லிகிராம் கணக்கை மாமியாரிடம் தாளில் எழுதிக் காட்டினேன். "அப்போ காவிரித் தண்ணிக்கும் உப்பு போட்ட மாதிரியா" என்றார். தேநீர் போட்டுக் குடிக்க ஆரம்பித்திருக்கிறார், பச்சைத் தண்ணீர் இன்னும் இல்லை. ஆர்ஓ வாங்கவில்லை. யூட்டா அண்ணாவின் கேட்காமல் கொடுக்கலாமா என்ற கேள்வி மட்டும் மனதில் நிற்கிறது. இங்கே ஓட்டு வைத்துக் கேட்டார்கள் என்பது எனக்குக் கொஞ்சம் சமாதானம், ஓட்டுப் போடும்போது நாங்கள் இங்கே குடிமக்கள் இல்லை என்பது வேறு விஷயம்.

ரெண்டு சின்னக் கேள்வி. மாமியார் ஊரிலிருந்து பிள்ளைக்கென்று ஒரு மூலிகைப் பேஸ்ட் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்திருக்கிறார், ஃபுளோரைடு இல்லாதது. ஊரில் ஒரு பல் டாக்டர்தான் அதை வாங்கச் சொன்னாராம். என் பெண்ணுக்கு அதைக் கொடுக்கலாமா? இன்னொன்று, ஊரில் என் தம்பி வீட்டில் குடிக்க ஒகேனக்கல் தண்ணீர் பிடிக்கிறார்கள், அது ஒருநாள் விட்டு ஒருநாள் வருவதால் சமைப்பதற்கும் மாட்டுக்கும் போர் தண்ணீர்தான். அவனுக்கு ரெண்டு வயதில் குழந்தை இருக்கிறது. அது பரவாயில்லையா?


சேலம் பல் டாக்டர் எழுதியது:

ஊரில் அந்த டாக்டர் சொன்னது அந்த ஊருக்குச் சரி. தண்ணீரிலேயே மிதமிஞ்சி இருக்கும் இடத்தில் பேஸ்ட்டை விழுங்கும் வயதுப் பிள்ளைக்கு ஃபுளோரைடு இல்லாதது கொடுப்போம், நானும் எழுதிக் கொடுப்பேன். கல்கரியில் உங்கள் பெண்ணுக்கு அது தேவையில்லை, சாதாரண ஃபுளோரைடு பேஸ்ட் பட்டாணி அளவு, ரெண்டு வேளை, துப்பச் சொல்லுங்கள், துப்பிய பிறகு டம்ளர் டம்ளராகக் கொப்பளிக்க வேண்டாம். பையனுக்குப் பல் முளைத்ததும் அரிசி அளவு. கொண்டுவந்த பேஸ்ட்டை மாமியார் தேய்க்கட்டும், அவருக்குச் சொத்தை இல்லாத வரை. யூட்டா நண்பர் சொன்ன வார்னிஷை நானும் ஆதரிக்கிறேன், கல்கரியில் பிள்ளைகளுக்குப் பூசுகிறார்களா என்று உங்கள் பல் டாக்டரிடம் கேளுங்கள்.

தம்பி குழந்தைக்கு: தண்ணீர் சங்கதியை இன்ஜினியர் சொல்லட்டும். சாப்பாட்டில் பாலும் கேழ்வரகும் இருக்கட்டும், கால்சியம் கூட இருந்தால் ஃபுளோரைடு உடம்பில் ஏறுவது குறையும்.


ஓய்வு பெற்ற குடிநீர் இன்ஜினியர் எழுதியது:

சமைப்பது போர் தண்ணீரில் என்றால் பாதித் திட்டம் வீண்மா. களி கிண்டும்போதும் பருப்பு வேகும்போதும் தண்ணீர் வற்றுகிறது, ஃபுளோரைடு வற்றாது, எல்லாம் சாப்பாட்டோடு உள்ளே போகும். ரெண்டு வயதுக் குழந்தை, நிலையான முன்பல் ஈறுக்குள்ளே உருவாகிற காலம், டாக்டர் சொன்ன அதே வயது. தம்பியிடம் ரெண்டு பெரிய டிரம் வாங்கிவைத்து, தண்ணீர் வருகிற நாளில் குடிக்கவும் சமைக்கவும் சேர்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். மூடி இருக்கிற டிரம்மாக, இல்லாவிட்டால் கொசு. குளிக்க, துணி துவைக்க, பாத்திரம் கழுவப் போர் தண்ணீர் போதும், தோல் வழியாக எதுவும் ஏறாது.

மாட்டுக்கும் ஃபுளோரைடு பாதிப்பு வரும், பல் தேய்ந்து போகும், நொண்டும், ஆனால் அதற்கு நல்ல தண்ணீர் பிடித்து வைக்கச் சொன்னால் தம்பி என்னைத் திட்டுவான்.

முதலில் போரைச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஒருவேளை அது 1-க்குள்ளேயே இருக்கலாம், பக்கத்து வீட்டுப் போரில் இருப்பது இவன் போரில் இருக்க வேண்டும் என்றில்லை. தர்மபுரியிலேயே குடிநீர் வாரியத்தின் சோதனைக்கூடம் இருக்கிறது, கட்டணம் கொஞ்சம்தான். சுத்தமான பிளாஸ்டிக் பாட்டில், அதே தண்ணீரில் ரெண்டு மூன்று தடவை அலசிவிட்டு, மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிடிக்கணும். கண்ணாடிப் பாட்டில் வேண்டாம். பஞ்சாயத்தில் கிட் வைத்திருந்தால் சொட்டு மருந்து விட்டு அங்கேயே பார்க்கலாம், சிவப்பு மஞ்சளாக மாறினால் ஃபுளோரைடு அதிகம், அதுவும் தோராயம்தான். கோடையில் ஒரு தடவை, மழைக்குப் பிறகு ஒரு தடவை பார்த்தால் நல்லது, மழைக்குப் பிறகு குறைத்துக் காட்டும், அதைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. ரிசல்ட் வந்ததும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.